ஒற்றை டொக்

"எத்தன வாட்டிய்யா சொல்லுவ? இருக்கேன், இருக்கேன். எங்கயும் போகல."

வாக்கி டாக்கிக்குள்ளிருந்து அக்கா இப்படிச் சொன்னதும் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. சொல்ல முயன்றுகொண்டுதான் இருந்தார்.

அக்கா எதிர்மலை உச்சியில், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் இரும்புக் கோபுரத்தில் இருந்தாள். இந்தச் சரிவில் இருக்கும் வனத்துறை நிலையத்துக்கு அவள் கணவரான மாமாதான் வயர்லெஸ்காரர். மற்றவர்கள் எல்லோரும் ஜீப்பில் தீயை அணைக்கப் போயிருந்தார்கள். விடுமுறைக்கு வந்த நானும் அவரும் மட்டும்தான் மிச்சம். கரண்ட் கம்பி எரிந்து அறுந்ததில் மேஜைமேல் இருந்த பெரிய வயர்லெஸ் செத்துக் கிடந்தது. செல்போனுக்கு இந்த மலையில் என்றைக்குமே சிக்னல் கிடையாது. இருந்தது இந்தக் கைக்கருவி ஒன்றுதான். நல்ல பேட்டரியைக் கோபுரத்துக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். இதில் இருந்தது கிழடு. கேட்பதற்கு அதில் உயிர் இருந்தது, பேசுவதற்கு இல்லை. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு எல்லாமே அணைந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஆன் செய்தால்தான் மூச்சு வரும்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பேசாமல் பொத்தானை மட்டும் தட்டுவார்கள். மறுமுனையில் டொக்கென்று கேட்கும். இரண்டு டொக் என்றால் இறங்கி வா. ஒரு டொக் என்றால் இடத்தைவிட்டு நகராதே.

"நான்தான் அவள அங்க உக்கார வச்சிருக்கேன்," என்றார் மாமா. அவர் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு டொக் போயிருந்தது.

"வேகமா ரெண்டு தட்டுங்க மாமா!"

"தட்டாமயா இருப்பேன்? மொதத் தட்டுலயே செத்துப்போகுது."

ஜன்னலில் எதிர்மலை முழுதாகத் தெரிந்தது. கோபுரத்தில் இருப்பவளுக்குக் கீழே புகை மட்டும்தான் தெரியும். தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதனாலேயே நிலையம் சொல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. முகட்டுப் பாதையைத் தீ தின்று முடித்திருந்தது. ஓடைப் பக்கம் மட்டும் இன்னும் பச்சை. யாரோ வரைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்ட ஓவியம் மாதிரி, அந்தப் பச்சை விளிம்பில் கரைந்துகொண்டிருந்தது.

டார்ச்சில் இருந்த சாதாரண செல்களைப் போட்டுப் பார்த்தோம். அவற்றுக்கும் கேட்க மட்டும்தான் தெம்பு இருந்தது; அதற்காகவே அவற்றைக் கருவியில் விட்டுவைத்தோம். மாமா பழைய பேட்டரியின் கூட்டை ரம்பத்தால் அறுத்துப் பிளந்தார். உள்ளே ஆறு செல்கள் வரிசையாகத் தூங்கின. இரண்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இந்த ரெண்டுதான் கழுத்தறுக்குது. சார்ஜ் ஏத்தற செல் ரெண்டு வேணும்."

நான் குளியலறைக்கு ஓடினேன். அக்கா அவரைக் கூப்பிடுவதே மீசை என்றுதான்; அவர் கண்ணாடி முன்னால் நிற்கிற நேரத்தில் ஒரு தெருவே குளித்துக் கிளம்பிவிடும் என்பாள். ட்ரிம்மரைக் கொண்டுவந்து நீட்டியதும் அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை மேஜை விளிம்பில் அடித்து உடைத்தார். நேற்றுத்தான் சார்ஜ் போட்ட இரண்டு செல்கள் உள்ளே இருந்தன.

கரண்ட் இல்லாததால் ஈயம் பற்றுவைக்கும் கம்பியை கேஸ் அடுப்பில் காட்டிச் சூடாக்கினோம். அடுப்பிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் பாதிச் சூடு போய்விடும். ஈயம் உருகாமல் உருண்டு தரையில் விழுந்தது. முதல் இணைப்பு ஒட்டினாற்போல் இருந்தது, தொட்டதும் கையோடு வந்தது.

"மீசை, இருமலா வருதுய்யா," என்றாள் அக்கா. "ஏணிக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. பரவால்ல, நீ இருன்னா இருக்கேன். உனக்குத் தெரியாததா?"

மேஜையையே அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"ஈயத்த நீ வைடி. என் கை நிக்கல. நான் செல்லப் புடிச்சுக்கறேன்."

"ப்ளஸ் எந்தப் பக்கம்?"

"இதோட ப்ளஸ், அதோட மைனஸ். மாத்திட்டா அவ்வளவுதான்."

வைத்தேன். ஈயம் ஒருமுறை அவர் கட்டைவிரல் மேல் சொட்டியது; அவர் கத்தவில்லை, செல்லையும் விடவில்லை. சைக்கிள் ட்யூப் துண்டால் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி, டார்ச் செல்களை எடுத்துவிட்டுக் கருவிக்குள் திணித்தார். பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"எறங்குடி! ஓடப் பக்கமா எறங்கு! அந்த டொக்கெல்லாம் நான் சொன்னதில்ல, பேட்டரி செத்த சத்தம். ஓடப் பக்கம்! கேக்குதா?"

பொத்தானை விட்டார். வெறும் இரைச்சல். நானும் காதைக் கருவியருகே கொண்டுபோனேன். அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது. அழுத்தினார், மறுபடி அதையே சொன்னார், விட்டார்.

இரைச்சல் சட்டென்று நின்றது. அவள் பக்கம் பொத்தான் அழுந்தியிருந்தது. குரல் வரவில்லை. இரும்புப் படிகளில் செருப்பு விழும் சத்தம் மட்டும், வேகவேகமாக, நடுவே இருமல். அவள் கருவி இடுப்பில் எதிலோ மாட்டி அழுந்தியிருக்க வேண்டும். அது விடும்வரை எங்களால் ஒரு வார்த்தைகூட அவளுக்குச் சொல்ல முடியாது.

படிச்சத்தம் நின்றது. பிறகு சருகுகள் நொறுங்கின. நடந்தாலும் அப்படித்தான் கேட்கும், எரிந்தாலும் அப்படித்தான் கேட்கும். கேட்டுக்கொண்டே இருந்தோம். ஜன்னலில் ஓடைப் பக்கப் பச்சையின் மேல் முதல் புகை படியத் தொடங்கியிருந்தது.