அழித்த தேதி

எங்கள் கடையிலிருந்த கம்ப்யூட்டரைப் போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் திரையில் அந்த மணல் கடிகாரம்தான் நின்றுகொண்டிருக்கும். மலைமேல் சோளக்காடு என்கிற எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பலாப்பழக் குவியல்களுக்கு நடுவில், அந்த ஒற்றைப் பெட்டியை நம்பித்தான் 2000இல் டைப்பிங் கடை போட்டிருந்தோம். மூன்று வருஷத்தில் அது கிழடு தட்டிவிட்டது. மனு அடிக்க வந்தவர்கள் காத்திருந்து அலுத்து, "அப்புறமா வாரேனுங்க" என்று பஸ் ஏறிவிடுவார்கள். நான் பெட்டியைத் திட்டுவேன். அது காதில் வாங்காது என்பதால் என் வீட்டுக்காரர் யாக்கூபைத் திட்டுவேன்.

அவரும் காதில் வாங்க மாட்டார். மிளகு வியாபாரம் முடித்து இருட்டுகிற நேரத்தில் வருவார். நான் அடுப்படிக்குப் போனதும் கணக்குப் பார்க்கிறேன் என்று பெட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வார். திட்டுவதைத் தவிர அவரிடம் நான் வேறு எதுவும் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் நாசியா, எங்கள் ஒரே மகள். ஆறு வயதில் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இந்தப் பெட்டியில்தான் பெயின்ட்டைத் திறந்து படம் வரைவாள். மவுஸ் அவள் கைக்குள் அடங்காது, இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவாள். கால் முளைத்த பஸ், சிரிக்கிற அன்னாசி, மேகத்துக்குள் பாதி மறைந்த வீடு. அவள் மௌத்தான பிறகு நான் சோறு தண்ணி இல்லாமல் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் காலையில் வந்து திறந்தால் ஒன்றையும் காணோம்.

"அழிச்சுட்டேன்," என்றார் யாக்கூப். மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெற்ற மகளைத் துடைத்துப் போட்ட மனுஷனிடம் எனக்கென்ன பேச்சு? சோறு போட்டேன், துணி துவைத்தேன். மன்னிக்க மட்டும் இல்லை.

அந்த ஐப்பசியில் ஒரு மாலை, பெட்டி முன்னைவிட மோசமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. நாமக்கல்லில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தனபாலுக்குப் போன் போட்டேன்.

"டிஸ்க்குல மூச்சு விட எடமில்லீங்க அக்கா. அதான் வண்டி நகர மாட்டேங்குது."

"வேண்டாததையெல்லாம் அப்பப்ப அழிச்சுட்டுத்தானே இருக்கோம்?"

"அழிச்சது எங்கீங்க போகும்? ரீசைக்கிள் பின்னுன்னு ஒரு குப்பைத்தொட்டி இருக்குது பாருங்க, அதுக்குள்ளயேதான் கெடக்கும். எடத்தையும் அடைச்சுக்கும். அதை மொத்தமா காலி பண்ணிப் போடுங்க."

வைத்துவிட்டு நேராகத் தொட்டியிடம் போனேன். காலி செய் என்று சொன்னதும், இத்தனையையும் அழித்துவிடலாமா என்று பெட்டி கேட்டது. அமுக்கப் போனபோது தேன்மொழி என் கையைப் பிடித்தாள். கடையில் வேலைக்கு இருந்தவள், அதே மலையில் தேவனூர் நாட்டுக்காரி.

"அக்கா, விளக்கு வெச்சாச்சுங்க."

"அதுக்கென்ன?"

"விளக்கு வெச்சப்புறம் குப்பைய வெளிய கொட்டலாங்களா?"

"இது ஊட்டுக் குப்பையா, தேனு?"

"குப்பை குப்பைதானுங்களே. காலைல கொட்டிக்கலாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எங்கள் வீட்டிலும் மஃரிப் பாங்குக்குப் பிறகு விளக்குமாற்றைத் தொட மாட்டோம், வீட்டிலிருக்கிற பரக்கத்தும் வளமும் போய்விடும் என்பார்கள். எதற்கு வம்பு என்று, வேண்டாம் என்பதை அமுக்கினேன். தேன்மொழி நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

பஸ் போனதும் கடைக்குள் மூடுபனி வந்தது. மேசைக்கடியில் புகுந்து, என் காலைச் சுற்றி, திரை வெளிச்சத்தில் நீலமாக நின்றது. குப்பையைக் கொட்டுமுன் ஒருதரம் கிளறிப் பார்ப்பது என் பழக்கம், கரண்டி ஏதாவது சேர்ந்து போயிருக்கும். அதே நினைப்பில் தொட்டியைத் திறந்தேன். மணல் கடிகாரம் நின்றது. பெட்டி உள்ளே எங்கோ கரகரவென்று தேடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொருகியது. பனிக்குள் யாரோ செருப்பில்லாமல் ஓடுவது போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். பார்த்தால் இருக்க மாட்டாள் என்று தெரியும்.

கண்ணைத் திறந்தபோது திரையில் பெயர்கள் வந்திருந்தன. நாசியா பஸ். நாசியா அன்னாசி. நாசியா வீடு. நான் வைத்த பெயர்கள்தான். மேலிருந்து கீழே வரை அவள்தான் கிடந்தாள்.

இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறாள். அவள் கிடந்த பெட்டியைத்தான் நான் நாளெல்லாம் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். திரையில் அவள் பெயர் மேல் கையை வைத்தேன்.

பிறகுதான் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். அழித்த தேதி. போன வருஷத்து ஒரே நாளாக இருக்க வேண்டியது, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நாளாக இருந்தது. ஒன்று போன மாதம். ஒன்று போன வெள்ளிக்கிழமை. பஸ்ஸை நேற்று மாலையில்தான் அழித்ததாகக் காட்டியது. பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மெல்ல விளங்கியது. தொட்டிக்குள் கிடக்கும் படத்தை அப்படியே திறக்க முடியாது. வெளியே எடுக்க வேண்டும். பார்த்து முடித்ததும் மறுபடி உள்ளே போட்டால், போட்ட அன்றைய தேதி விழும். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த மாலைகளில் எல்லாம், இந்த மனுஷன் தினம் ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, என் கண்ணில் படாமல் திரும்பப் படுக்க வைத்திருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எனக்குத் தெரிந்தால் மறுபடி சோற்றை விட்டுவிடுவேன் என்று பயந்திருக்கிறார், பைத்தியக்கார மனுஷன்.

யாக்கூப் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னைக்கு எதைப் பாக்கலாம்னு இருந்தீங்க?" என்றுதான் வந்தது.

அவர் குடையைக் கீழே வைத்தார். "நீ கத்துற படம்."

"அப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லீங்களே."

"உனக்குக் காட்டக் கூடாதுன்னு புள்ள எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா, கண்ணு."

பக்கத்தில் உட்கார்ந்து, மிளகுக் கணக்குகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்ததை அவரே எடுத்துத் திறந்தார். பெட்டி தன் வேகத்திலேயே, மேலிருந்து ஒவ்வொரு கோடாக வரைந்தது. என் முக்காடு வந்தது. நெரிந்த புருவம் வந்தது. அப்புறம் பாதித் திரையை அடைத்துக்கொண்டு, சிவப்பாக, என் வாய். அதற்கும் கீழே அவள் வந்து சேர வெகுநேரமாயிற்று. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.