மண் படாத மீன்

செப்டம்பரில் புதைக்கப்பட்ட தோர்லைவ், நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை காலையில், புளித்த மீன் திருவிழாவுக்குப் போவதற்காகக் குடும்பக் காரின் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் வெண்ணெய் விலை ஏறியிருந்தது, ஏரியும் சீக்கிரமே உறைந்துவிட்டது. அவர் மனைவி குன்ஹில்ட் வீட்டுக்குள் போய், பழைய செய்தித்தாள்களை எடுத்துவந்து அவருக்கு அடியில் விரித்தாள். தாடியிலிருந்தும் சட்டைக் கையிலிருந்தும் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. மகன் எய்வின்ட், "பெல்ட்டைப் போடுப்பா, மலைப்பாதை வழுக்கும்" என்று மட்டும் சொன்னான். மருமகள் தூரிட் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். ஆனால் டிக்கியில் மீன் தொட்டி இருந்ததால் எது யாருடைய வாடை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஸ்கார்டால் பள்ளத்தாக்கில் இறந்தவர்கள் இப்படி எப்போதாவது திருவிழாவுக்கு வருவது உண்டு. ஈரத்தோடு சர்ச் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதைத் தவிர பாதிரியாருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

அவர் வந்ததற்குக் காரணம் அந்தத் தொட்டிதான். கோடை முடிவில் தன் கையால் பிடித்த ட்ரவுட் மீன்களைக் கழுவி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு அடுக்கி, மூடியின் மேல் கல்லை ஏற்றிவிட்டு நிலவறைப் படியேறும்போதுதான் அவர் விழுந்து இறந்தார். புளித்த அந்த மீனை அவர் ருசி பார்க்கவே இல்லை. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு வேண்டும் என்பதுதான் மண்ணுக்குள் அவரைப் படுக்கவிடாத நினைப்பு. ஆனால் இந்த மீனுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு விதி உண்டு. ஏரியை விட்டு வெளியே வந்த மீன் தரையைத் தொடவே கூடாது. மண் பட்ட மீன் தொட்டிக்குள் போனால் விஷமாகிவிடும். அந்த விதியில் தோர்லைவை மிஞ்சிய ஆள் கிடையாது. கல்யாணமான முதல் இலையுதிர் காலத்தில் குன்ஹில்ட் கைதவறி ஒரு மீனைப் புல்லில் போட்டுவிட்டு, துடைத்து உள்ளே வைத்தாள் என்று தெரிந்ததும், விருந்தாளிகள் முன்னால் தொட்டி முழுவதையும் குழியில் கொட்டி மூடினார். பனி உருகும்வரை அவளோடு பேசவில்லை.

திருவிழாக் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. குன்ஹில்ட் மேசை மேல் தொட்டியை வைத்துத் திறந்ததும், உருளைக்கிழங்கு ரொட்டியும் வெங்காயமும் புளித்த கிரீமும் வைத்திருந்த பக்கத்துக் கடைக்காரர்களே மூக்கை நீட்டினார்கள். பரிசு வாங்கும் தொட்டிக்குத்தான் கிறிஸ்துமஸ்வரை மீன் வாங்க ஆள் வரும். மண் பட்டதென்று தொட்டி குழிக்குள் கொட்டப்பட்டால் அந்த வீட்டு மீனை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். நடுவர் போர்கில்ட் அம்மாள் இரண்டு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தபோது தோர்லைவ் கையை நீட்டினார். குன்ஹில்ட் மரக்கரண்டியால் அந்தக் கைமேல் ஓங்கி அடித்தாள்.

"நான் போட்ட மீன்டி இது."

"நகத்துல பாரு என்ன இருக்குன்னு. இதே கையோட நான் வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

அவர் நகத்தைப் பார்த்தார்.

"அத்தை, நடுவர் வர்றாங்க. மாமாவை வெளியில உக்கார வைங்க. ஜெயிச்சதுக்கு அப்புறம் அழுதுக்கலாம்" என்றாள் தூரிட்.

வெளியே நாய்களைக் கட்டும் இடத்தில் அவரை உட்காரவைத்து, ஒரு தட்டில் அவித்த உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். மண்ணில் விளைந்ததற்கு மண்ணால் கெடுதல் இல்லையே. முதல் பரிசு அவருடைய தொட்டிக்கே கிடைத்தது. இப்படி ஒரு கைப்பக்குவம் இந்தப் பள்ளத்தாக்கில் இனி வராது என்று மேடையில் போர்கில்ட் அம்மாள் சொன்னபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று அவரும் கை தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மண் உதிர்ந்தது. மாலைக்குள் தொட்டி காலி.

குன்ஹில்ட் மட்டும் ஒரு மீனை யாருக்கும் தெரியாமல் ஜாடியில் எடுத்து வைத்திருந்தாள். அடுத்த வருடத் திருவிழாவுக்கும் அவர் வந்தபோது, தூரிட் மேசையை விட்டு நகர்ந்த நேரமாகப் பார்த்து, அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நாய்களிருக்கும் இடத்துக்குப் போனாள். வருடம் முழுக்க அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த காரியம் அது. "வாயைத் தொற" என்றாள், புது மணப்பெண்ணைப் போல முகம் சிவந்து. அவர் திறந்தார். முள்கரண்டியில் குத்திய மீன், குளிரில் விறைத்த அவள் விரல்களிலிருந்து கரண்டியோடு நழுவித் தரையில் விழுந்தது. பல்லிடுக்கிலெல்லாம் மண் இருந்த அந்த மனிதர் மீனையே வெகுநேரம் பார்த்தார்.

"மண்ணு பட்டுடுச்சு" என்றார். பிறகு, கல்யாணமான வருடம் பார்த்த அதே பார்வையால் அவளைப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாய்கூட அந்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு நவம்பரிலும் வந்தார். ஆனால் அவளோடு பேசவில்லை. எய்வின்டின் தொட்டிகள் மூன்றாம் பரிசுக்கு மேல் போகவில்லை. பள்ளத்தாக்கில் புதுப் பாலம் வந்தது, போர்கில்ட் அம்மாள் கண் மங்கி ஓய்வு பெற்றார். ஒரு ஜூலையில் குன்ஹில்ட் தூக்கத்திலேயே இறந்துபோனாள். அந்த நவம்பரில் தூரிட் பின் இருக்கை முழுவதும் செய்தித்தாள் விரித்தாள். கூடத்தில் மாமியாரின் கை தொட்டியை நோக்கி நீண்டபோது, அதே மரக்கரண்டியால் அளவாக ஒரு அடி வைத்தாள்.

குன்ஹில்ட் வெளியே போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் இரண்டு பேர் கையும் ஒன்றுதான் என்ற நினைப்பில் அவள் முகத்தில் சிரிப்புகூட வந்தது. இரண்டாவது தட்டு இன்னும் வரவில்லை. அவர் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுக்கப் போனாள். தோர்லைவ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கையைக் கழுவிட்டு வா" என்றார். அத்தனை வருடத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

குன்ஹில்ட் எழுந்து குழாயடிக்குப் போனாள். கழுவக் கழுவ மண் வந்துகொண்டே இருந்தது. அந்த நவம்பரிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் அவள் அங்கேதான் நின்று கழுவுகிறாள். குழாயடி அடைத்துக்கொள்வதால் நகராட்சி அதன் கீழே ஒரு சல்லடை வைத்திருக்கிறது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று, அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வாளியை நிரப்பிக்கொண்டு போகிறார்கள்.