தறி நின்ற அரை மணி நேரம்

சோமனூரில் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில், அந்த இரைச்சலில் யாரும் காதை நம்புவதில்லை. எதிராளியின் வாயைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். சண்முகப்ரியாவும் அப்படித்தான் வளர்ந்தாள். ஜப்பானிய மொழித் தேர்வில், கேசட்டைப் போட்டுக் கேள்வி கேட்கும் பகுதியில் ஒருமுறை மண்ணைக் கவ்விய பிறகும் அவளுக்குக் காரணம் பிடிபடவில்லை.

வகுப்பில் வாத்தியார் சென்னகேசவன் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்வாள். அதே வாக்கியம் கேசட்டில் வந்தால் முழிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேள்வி கேட்டார். கேசட்டுக்கு முழித்த மாதிரியே முழித்தாள்.

"நீங்க காதுல கேக்கறதில்லீங்க, கண்ணுல கேக்கறீங்க" என்றார்.

தேர்வு வருடத்துக்கு ஒரே தடவை, டிசம்பரில். இந்த முறை தேறினால், கோவையில் அவள் வேலை பார்க்கும் பம்பு கம்பெனி பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பும். தவறினால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அவளுக்கு அது வேண்டும். பேராசை பிடித்தவள் என்று உறவில் சிலர் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அம்மா போனபின் வீட்டில் அவளும் அப்பா பொங்கியண்ணனும்தான். வாத்தியார் சொன்னதையும், தறிச் சத்தத்தில் கேசட் கேட்டுப் பழக முடியவில்லை என்பதையும் அவரிடம் சொன்னாள்.

"சாயங்காலம் அரை மணி நேரம் தறிய நிறுத்திப்போடலாம் கண்ணு" என்றார். தறி ஓட்டுகிறவர் யாரும் லேசில் சொல்லிவிடுகிற பேச்சல்ல அது.

முதல் நாள் தறி நின்றதுமே பக்கத்து வீட்டுப் பாப்பாயி ஓடி வந்தாள். "ஏனுங்ண்ணா, ஊட்டுல ஆருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

கரண்ட் இருக்கும்போது அந்தத் தெருவில் தறி நிற்பது சாவுக்குத்தான். பரீட்சைக்கு என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

சண்முகப்ரியா கேசட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். ஓர் ஆணும் பெண்ணும் ரயில் நிலையத்தில் எப்போது சந்திப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி புரிந்தது. அதற்கே சந்தோஷமாக இருந்தது.

வாசற்படியில் நின்றிருந்த அப்பா கேட்டார். "ஏனம்மணி, இன்னும் போடலியா?"

டேப் ரெக்கார்டர் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு "அப்பா" என்றாள். பிறகு உரக்க, "அப்பா!" திரும்பிப் பார்த்தபோது அவர் டேப் ரெக்கார்டரையே பார்த்தபடி நின்றிருந்தார்.

அவர் காது எத்தனை காலமாக இப்படியோ? வாயை நன்றாக அசைத்து, "போட்டுட்டனுங்கப்பா" என்றாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். டிசம்பர் வரை ஒருநாள் விடாமல் தறியை நிறுத்தினார்.

தேறிவிட்டாள். ஜப்பானில் நகோயாவுக்குப் போய்ச் சேர்ந்த வாரம் பாப்பாயி வீட்டு போனுக்குக் கூப்பிட்டாள். அப்பாவை அழைத்து வந்து ரிசீவரைக் கையில் கொடுத்தார்கள். அவர் மூச்சு விடாமல் பேசினார். நல்ல மழை, பாவு நூல் வந்துவிட்டது, தறியெல்லாம் ஓடுகிறது. கேள்வி என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில் சொன்னார்:

"நீ பேசறது பக்கத்துல இருந்து பேசறாப்பல கேக்குது கண்ணு."

அவள் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.