அம்மாவின் சோற்றைத் தின்ற ஹாண்டிசாச்சா

இப்போதெல்லாம் எவனுக்கும் இரண்டு மணி வரை வயிறு தாங்குவதில்லை. வயிறு தாங்காதவன் எதை வேண்டுமானாலும் நம்பிவிடுகிறான். படித்தவனாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அன்றைக்கு என் அம்மாவின் திதி. ஏகாதசிப் பட்டினியோடு துவாதசி விடியற்காலையில் போனவள். துவாதசிப் பாரணைச் சோறு வாய்க்குள் போகவில்லை. வருஷத்தில் ஒரு நாள் நான் போடுவதுதான் அவளுக்குச் சாப்பாடு. கல்கத்தா பவானிபூரில் பிள்ளை லக்ஷ்மிநாராயணன் வீட்டில்தான் செய்தேன். அவன் சர்க்கார் கணக்கு ஆபீசில் குமாஸ்தா.

பிராமணாள் சாப்பிட்டு எழுந்து போயாயிற்று. காக்காய்ப் பிண்டத்தை இலையோடு மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். காக்காய் தொட்டால்தான் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் வீட்டில் மற்றவர்களுக்கு இலை.

காக்காய் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கல்கத்தாவில் காக்காய்க்கா பஞ்சம்? பக்கத்து முகர்ஜி வீட்டில் கல்யாணம். கொல்லையில் நாலு பேர் உட்கார்ந்து ரோகு மீன் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தெருக் காக்காய் பூராவும் அங்கே ஆஜர். மீன் குடலை விட்டுவிட்டு எள்ளுச் சாதத்துக்கு எது வரும்?

வந்தது வேறொன்று. செம்பழுப்பு உடம்பு, கறுத்த தலை, சாண் நீள வால். சட்டியைச் சுரண்டுகிற மாதிரி கத்தும். ஹாண்டிசாச்சா என்பார்கள் இந்த ஊரில். நான் துண்டை வீசுவதற்குள் பாதிப் பிண்டம் காலி.

திதி பண்ணி வைத்த வெங்கடராம சாஸ்திரிகள் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வேற பக்ஷி தொட்டா கணக்கில்லை. மறுபடி பிடிச்சு வையும்" என்றார்.

"வேண்டாம் மாமா, அதுவும் காக்காய்க் குடும்பந்தான்" என்று ஒரு குரல். மருமகள் பாகீரதியின் தம்பி சிவராமகிருஷ்ணன். செத்த மிருகங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் ஜாதுகர் மியூசியத்தில் பட்சிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவன்.

"யார் சொன்னது?"

"லோகம் பூரா ஒத்துண்டாச்சு. மூக்கு ஓட்டையை மயிர் மூடியிருக்கு, அலகு அதே அலகு, கால் அதே கால். நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறது தெரியாதவா பண்ற காரியம்."

"மயிர் உன் மூக்கிலேயும்தான் எட்டிப் பார்க்கிறது. நீ எந்தக் குடும்பம்?"

கீழே பாகீரதி சிரித்தது கேட்டது. என் பிள்ளை சிரிக்கவில்லை. ரசம் ஆறுகிற கவலை அவனுக்கு.

சாஸ்திரிகள் வெயிலை அண்ணாந்து பார்த்தார். மூன்று மணிக்குக் காளிகாட்டில் அவருக்கு இன்னொரு வீடு. "ஏண்டாப்பா, குடும்பம்னா நம்ம கோத்திரம் மாதிரியோ?"

"கிட்டத்தட்ட."

"அப்போ பாதகமில்லை. பங்காளி வாங்கிண்டா காகம் வாங்கிண்ட மாதிரிதான்."

கணக்கில்லை என்று சொல்லி வாய் மூடவில்லை இவர். போன மாசம் ஒருவர் வடமாள் பெண்ணைப் பிரஹசரணத்துப் பையனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். இரண்டும் ஐயர்தான், ஒரே தயிர்சாதம்தான். கூடவே கூடாது என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போன மனுஷர் இவர். பட்சிக்கு மட்டும் மனசு விசாலம்.

"சரி, குயில் என்ன குடும்பம்?" என்று பயலைக் கேட்டேன்.

"அது வேற குடும்பம், மாமா."

"காக்காய் அடைகாத்து, காக்காய் ஊட்டி வளர்த்த குயில் வேற குடும்பம். காக்காய் கண்ட இடத்தில் விரட்டி விரட்டிக் கொத்துகிற இது சொந்தமா?"

"பங்காளின்னா வேற எப்படி மாமா இருப்பா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், சாஸ்திரிகள் உட்பட. அந்தச் சிரிப்பிலேயே தீர்ப்பும் ஆகிவிட்டது. கூடத்தில் தண்ணீர் தெளித்து இலை போட்டார்கள்.

நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவன். எலும்பும் அலகும் எனக்குத் தெரியாது. அம்மாவைத் தெரியும். குளித்து மடி உடுத்தாதவள் தொட்ட சொம்பில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள், பட்டினியாகவே படுத்துக்கொள்வாள். அவளிடம் போய், வந்தது வேறே ஆள்தான், ஆனால் கால் ஒரே கால் என்று நான் சொல்ல முடியுமா?

அடுக்களைக்குப் போய் ஒரு பிடி சாதம் எடுத்து எள் பிசைந்து இலையில் கட்டினேன்.

"அப்பா, எங்கே கிளம்பறேள்? உட்காருங்கோ" என்றான் பிள்ளை.

"கர்த்தா சாப்பிடாட்டா சிராத்தம் பூர்த்தியாகாது" என்றார் சாஸ்திரிகள், பருப்பில் நெய் விழுந்துகொண்டிருக்கும்போதே.

"நான் சாப்பிட்ட மாதிரிதான், சாஸ்திரிகளே. என் பங்காளி யாராவது சாப்பிட்டால் போதாதோ?"

குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். சிவராமகிருஷ்ணன் எச்சில் கையோடு வாசல்வரை ஓடி வந்தான். "மாமா, காக்காய்லயே இங்கே ரெண்டு இனம் உண்டு. கழுத்து சாம்பலா ஒண்ணு, முழுக் கறுப்பா ஒண்ணு. பாட்டிக்கு எது?"

குடையை விரித்துக்கொண்டு, காக்காய் தேடிக் கங்கைக்கரைப் பக்கம் நடந்தேன்.