துரைசாணியின் செப அறை

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பூட்டின கதவிலே பிறந்தது. போன இலையுதிர் காலம், டெனிஷ் ஊரான ஸ்கீவப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை மாளிகை பார்க்கப் போனோம். எல்லாக் கதவையும் திறந்து காட்டின வழிகாட்டி, ஒன்றை மட்டும் தாண்டிப் போனார். "அதுக்குள்ள என்ன?" என்று கேட்டேன். "வாளியும் துடைப்பமும்" என்றார். வாளிக்கு ஆராவது இவ்வளவு பெரிய பூட்டுப் போடுவினமோ! அன்றைக்கே எனக்குக் கை துருதுருக்கத் தொடங்கிவிட்டது.

2.
முதல் தொடக்கம்: "புயலில் நடுங்கிய கோபுரத்தின் உச்சியில் ஒரு வௌவால்..."

(சீ! வேண்டாம்.)

இரண்டாவது: 1888. மேரிசெலின், யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் தொழில் பழகிய தாதி. நோயாளியான ஒரு டெனிஷ் துரைசாணியைப் பராமரிக்க, ஒருத்தரிடமும் உத்தரவு கேளாமல் கப்பலேறி இந்த மாளிகைக்கு வந்தவள். இப்போது துரைசாணி செத்துப்போனா. "தாதிதான் மருந்தை மாற்றிக் கொடுத்தாள்" என்று துரை சாதிக்கிறார். நாளைக் காலமை அவளைப் பிடிக்க வீபோர்க்கிலிருந்து பொலிஸ் வரும். பிறகு தலை தப்பாது.

ஆனால் துரைசாணி சாகமுதல் அவளுடைய கையைப் பிடித்து ஒன்று சொல்லியிருந்தா: செப அறையில், சிலுவைக்குப் பின்னால், ஒரு கடிதம் இருக்கிறது.

(அந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி வந்திருப்பாளோ என்று கேட்காதேயுங்கோ. வந்தாள். நான்தானே கூட்டிவந்தேன்.)

3.
துரை குதிரையேறிப் போன பின்னேரம், திறப்பைத் திருடி, பூட்டைத் திறந்து அவள் செப அறைக்குள் நுழைந்தாள். கடிதம் இருந்தது! "என் மருந்தில் நஞ்சு கலப்பவர் என் கணவர்." மடித்துக்கொண்டு திரும்பினால், வெளியே துரையின் கைத்தடிச் சத்தம். டொக். டொக். டொக். கதவடியில் நின்றுவிட்டது.

4.
பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலைக்கு, வேலைக்கு, நானும் சுஜீதாவும் ஒரே காரில்தான் போறது. நான் காரை ஓட்ட, அவள் இதை வாசித்தாள்.

"ஐயோ! துரை ஏனடி நிண்டவர்?"

"மிச்சத்தையும் வாசியன்."

மிச்சம் இதுதான்: துரையின் காலடியில், வாசலோரமாக, ஒழுங்காக ஒரு சோடிச் சப்பாத்து.

"விசரி! களவாப் போறவள் சப்பாத்தைக் கழட்டி வாசலில வைப்பாளோ?"

சத்தியமாக நான் திட்டம் போடவில்லை. கோயிலோ சேர்ச்சோ, வாசலில் கழற்றிப் பழகின ஆட்கள் நாங்கள். சிலுவையைக் கண்டதும் அவளுடைய கால் யோசிக்கவில்லை. எழுதின என் கையும் யோசிக்கவில்லை.

"அந்த வரியை அழி. பிள்ளை தப்பட்டும்" என்றாள் சுஜீதா.

5.
அழிக்க மனம் வரவில்லை. கழற்றாமல் போனால் அவள் மேரிசெலின் இல்லை. வேறு வழி தேடினேன்.

முடிவு அ: யன்னலால் குதித்து, வெறுங்காலோடு பனியில்... (மூன்றாம் மாடி. கால் முறியும்.)

முடிவு ஆ: லண்டனிலிருந்து ஒரு துப்பறியும் கனவான் வந்து... (வரட்டும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். தன்பாட்டில் கப்பலேறினவளைக் காப்பாற்ற அவர் ஆர்?)

நான் யோசித்து முடிக்கவில்லை, அவள் வேலையாட்களைக் கூப்பிடும் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டாள்! என்ர ராசாத்தி! சமையற்காரி, குதிரைக்காரன் என்று ஏழு பேர் மேலே ஓடிவந்தார்கள். கதவைத் திறந்து, துரைக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று, தன்னுடைய உடைந்த டெனிஷில் கடிதத்தை எழுத்து விடாமல் வாசித்தாள்.

"பொய்! கொண்டா அதை!" என்று துரை கத்தினார்.

ஒருத்தரும் அசையவில்லை. ஏழு பேரும் அவருடைய சோறு தின்கிறவர்கள். கடிதம் துரையின் கைக்குப் போனால் நெருப்புக்குத்தான். ஆராவது ஒருத்தர் வாங்கி வீபோர்க்குக்குக் கொண்டுபோனால் அவள் பிழைப்பாள். சமையற்காரியை ஓரடி முன்னால் நகர்த்தி எழுதிப் பார்த்தேன். வெட்டினேன். அது என்னுடைய துணிவு, சமையற்காரியுடையதில்லை.

மேரிசெலின் கடிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏழு பேரையும் தாண்டி, இவ்வளவு நேரமும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்களைப் பார்க்கிறாள்.

வாங்குங்கோ.