இருநூற்றுப் பதினாலாம் எண்ணில் ஊற்றிய பால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வங்கிக் கடிதத்தின் பின்பக்கத்தில் தொடங்கியது. எனக்குப் புதுத்தாளில் எழுத வராது. ஒருபக்கம் அச்சான காகிதம் கிடைத்தால் தைரியம் வந்துவிடும். கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கி மூன்று கடிதங்கள் அனுப்பியிருந்தது. மூன்றின் பின்பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் முன்பக்கத்தை நான் படிக்கவில்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.

அன்று எழுதிய தொடக்கம் இது:

“மீனாட்சிபுரத்தில் காலை ஆறு மணிக்குப் பால் சங்கத்தின் கதவு திறக்கும்போது, கிழக்கே சூரியன் ஒரு”

ஒரு என்ன? தெரியவில்லை, விட்டுவிட்டேன். அந்த வாக்கியத்துக்கு நேர் மறுபக்கத்தில்தான், இருபத்தொரு நாளுக்குள் கட்டாவிட்டால் உங்கள் சேமிப்புக் கணக்கில் இருப்பதை எடுத்துக்கொள்வோம் என்று அச்சிட்டிருந்தது. சொன்னபடி எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.

அதில் என் பணம் இருநூறு.

2

மீதியெல்லாம் மயிலாத்தாள் அக்காவின் பால் பணம். அது என் கணக்குக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் கதை நகராது. ஆகவே இங்கே கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அக்கா வீடு அந்தப் பக்கம். சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். இந்தப் பக்கத்துச் சங்கத்தில் பாலுக்கு விலை கூடுதல். ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான் உறுப்பினராக முடியும். எனக்கு உறுப்பினர் எண் உண்டு, மாடு இல்லை. அக்காவுக்கு மாடு உண்டு, எண் இல்லை. நான்கு வருடமாக அவர் மாட்டின் பால் என் எண்ணில்தான் ஊற்றப்படுகிறது.* பத்து நாளுக்கு ஒருமுறை பணம் என் கணக்கில் ஏறும், நான் எடுத்துக் கொடுப்பேன். ஓணத்துக்குச் சங்கம் தரும் போனஸை நான் வைத்துக்கொள்வேன். அது எங்கள் ஒப்பந்தம்.

(* சங்கச் செயலாளர் கதை படிக்கிறவர். ஆகவே எண்ணை மாற்றியிருக்கிறேன். இருநூற்றுப் பதினாலு என்று யாராவது இருந்தால் அது நான் இல்லை.)

தை மாதம் அக்கா சொன்னார்: “ஏனுங்க தம்பி, கையில குடுத்தீங்கன்னா செலவாயிப் போகுதுங்க. உங்க பேங்குலயே கெடக்கட்டும். இன்னொரு மாடு புடிக்கோணும்.”

மாட்டையும் பார்த்துவிட்டார். எருத்தேன்பதியில் ஒரு சினை மாடு. ஐயாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்று. பாக்கி நாற்பதாயிரத்தை வியாழக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் மாடும் கிடையாது, முன்பணமும் திரும்பாது. இதை எழுதும்போது புதன்கிழமை மத்தியானம்.

3

சரி, கார்டுக் கடன் எதற்கு? முதல் வரைவில், ‘அம்மாவின் ஆபரேஷனுக்கு’ என்று எழுதியிருந்தேன். வாசகர் மனம் இளகும் அல்லவா? என் அம்மா கல்லுப் போல இருக்கிறார். அந்த வரியை அவர் பார்த்தால் எனக்குத்தான் ஆபரேஷன் நடக்கும். அடித்துவிட்டேன்.

உண்மை இதுதான்: என் சிறுகதைத் தொகுதியை நானே காசு போட்டு அச்சடித்தேன். ஐந்நூறு பிரதிகள், கெட்டி அட்டை. விற்றது நாற்பத்து மூன்று. மீதி, மாடு இல்லாத என் கட்டுத்தரையில் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறது. ஆக, என் புத்தகத்துக்கு அச்சுக்கூலி கொடுத்தது மயிலாத்தாள் அக்கா. அவருக்கே அது தெரியாது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

4

திங்கட்கிழமை கொழிஞ்சாம்பாறை வங்கிக்குப் போனேன். [எதில் போனேன் என்பது கதைக்குத் தேவையில்லை.]

அங்கே இருந்த அதிகாரி பெயர் ஷிஜு. அவரை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். “ஷிஜுவின் விரலில் மின்னிய மோதிரம், ஏழைகளின்” என்று தொடங்கியும் விட்டேன். அவர் விரலில் மோதிரமே இல்லை. எனக்கு டீ வாங்கித் தந்தார். பொறுமையாகக் கணினியைப் பார்த்தார்.

“சாரே, கணக்கு சாரோட பேர்ல. கார்டும் சாரோட பேர்ல. மூணு நோட்டீஸ் அயச்சிருக்கு. பணம் வேற ஆளோடதுன்னா அதுக்குத் தெளிவு வேணும். சங்கத்துல இருந்து ஒரு கடிதம் கொண்டு வாங்க, ஞான் மேல அயக்காம். மூணு மாசமெங்கிலும் ஆகும்.”

தெளிவு என்று அவர் சொன்னது அத்தாட்சியை, அயக்காம் என்றது அனுப்புகிறேன் என்பதை. அங்கேதான் கதை என்னை மடக்கியது. இந்தப் பால் என்னுடையது இல்லை என்று சங்கம் எழுதிக் கொடுத்தால், அதே பேனாவால் என் எண்ணையும் வெட்டிவிடும். பிறகு அக்காவின் பாலை எங்கே ஊற்றுவது? பணம் அவருடையது என்று நிரூபித்தால் அவர் பிழைப்பு போகும். நிரூபிக்காவிட்டால் மாடு போகும்.

திங்களும் செவ்வாயும் அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கேனோடு வரும்போதெல்லாம் “வாங்கக்கா” என்று சிரித்துக்கொண்டு நின்றேன்.

5

இன்று சாயங்காலம், சங்கத்துக்குப் போகிற வழியில் அவர் கேனோடு என் கட்டுத்தரைக்கு வந்தார். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. “அக்கா, ஒரு கதை எழுதியிருக்கேன், கேளுங்க” என்று, நீங்கள் இதுவரை படித்ததை அப்படியே படித்துக் காட்டினேன். இப்படியொரு கோழையை எந்தக் கதையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

‘அதில் என் பணம் இருநூறு’ என்ற இடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது கதைங்களா, நெசமுங்களா?”

“நெசந்தானுங்க்கா.”

“அடக் கெரகமே!” என்று புத்தகக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கேனைக் காலடியில் வைத்தார். பிறகு, “மேல படிங்க” என்றார்.

படித்தேன். கடைசியில் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) நான் உண்மையை எழுதி மனுக் கொடுக்கிறேன். மூன்று மாதத்தில் பணம் வருகிறது. அதற்குள் எண்ணும் போய், மாடும் வேறு ஆள் கைக்குப் போகிறது.

(ஆ) முகம் தெரியாத ஒரு வாசகர் என் புத்தகங்கள் அத்தனையையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறார். [எனக்கே சிரிப்பு வருகிறது.]

(இ) மயிலாத்தாள் மெல்லச் சிரித்து, “போனாப் போகுதுங்க தம்பி” என்கிறார்.

“மூணாவதுல நான் எதுக்குங்க சிரிக்கறேன்?” என்று அக்கா கேட்டார்.

நான் காகிதத்தைத் திருப்பி, வங்கி அச்சடித்த பக்கத்தைப் பார்த்தேன்.

“அந்த மாட்டுக்கு மூக்கணாங்கவுறு வாங்கி ஊட்டுல மாட்டி வெச்சிருக்கேனுங்க. அதைப் பாத்தா எனக்குச் சிரிப்பா வரும்? நான் அப்படிச் சொல்லலைங்க. சொல்லவும் மாட்டேன். நீங்களா எழுதிப்போட்டா ஆச்சுங்களா?”

குரல் உயரவே இல்லை. கத்தித் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண்ணெதிரேயே (இ)யை அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கே விட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா புத்தகக்கட்டிலிருந்து ஒன்றை உருவினார். உள்ளே திறக்கவில்லை. பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே என் புகைப்படம். புல்லட்டில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தைப் பார்க்கிறேன்.

“இது உங்க வண்டிதானுங்களே?”

“ஆமாங்க்கா.”

“பேங்குக்கு எதுல போனீங்க?”

“வண்டியிலதானுங்க்கா.”

“அப்பறம் ஏனுங்க கதையில வண்டியே வல்லை?”

6

நான்காம் பகுதிக்குப் போய் அந்த அடைப்புக்குறியை இன்னொருமுறை பாருங்கள். உங்களிடம்கூட மறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

சோதனைச்சாவடிக்கு அருகே பழைய வண்டி வாங்கி விற்கும் அஷ்ரஃப், போன மாதமே நாற்பத்திரண்டாயிரம் தருவதாகச் சொன்னான். கடை ஏழு மணிக்கு மூடும். இப்போது ஐந்தே முக்கால். எனக்கு அந்த வண்டி என்றால் உயிர். ஐந்நூறு பின்னட்டைகளிலும் நான் அதன்மேல் சாய்ந்துதான் எழுத்தாளனாக இருக்கிறேன். மூன்று முடிவு யோசித்தவனுக்கு நாலாவது தோன்றாமல் இல்லை. தோன்றிய ஒவ்வொரு முறையும் வேறு பத்தி எழுதப் போய்விட்டேன்.

அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“பாலு கெட்டுப்போயிருமுங்க, ஊத்திப்போட்டு வாரேன்.” இரண்டடி நடந்து நின்றார். “ஏனுங்க, இன்னைக்கும் உங்க நெம்பர்லயே ஊத்தட்டுங்களா?”

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா? அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

“திரும்பி வாரதுக்குள்ள முடிவை எழுதிப்போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே சில வாக்கியங்கள் பாதியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை என் சோம்பேறித்தனத்தால் நின்றவை. இனி வருவதும் பாதியில்தான் நிற்கும். ஏன் நின்றது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்; என் பேச்சை நம்பச் சொல்ல எனக்கு வாயில்லை. சங்கத்துப் பக்கமிருந்து காலிக் கேனின் சத்தம் கேட்கிறது. வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு நான் எழுந்து