மூன்று பள்ளத்தாக்குக்கு ஒரே வட்டாரம்

செல்போன் கம்பெனிப் பொறியாளன் மிர்லான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிரே நாற்காலி நுனியில் ஜிப்பார் உட்கார்ந்திருந்தாள், காலணிப் பனியைக்கூடத் தட்டாமல். அவள் புருஷன் எசென் ஊராரின் குதிரைகளை மேய்க்கிறவன். முந்தாநாள் புயலில் சிதறிய குதிரைகளைத் தேடிப் போனவன் திரும்பவில்லை. மீட்கப் போகப் பத்துப் பேர் சேணம் பூட்டி நிற்கிறார்கள். எந்தப் பள்ளத்தாக்கு என்று மட்டும் தெரிந்தால் போதும், நாரின் நகரத்தில் இருக்கும் செல்போன் கம்பெனிக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவளை அனுப்பியிருந்தார்கள்.

கம்பெனிக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அங்குள்ள மூன்று பள்ளத்தாக்கும் தனித்தனி வட்டாரம். வட்டாரம் மாறினால் போன் தானாகவே கோபுரத்திடம் சொல்லிவிடும். இத்தனை போன்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது வீண் சுமை என்று போன கோடையில் மூன்றையும் ஒரே வட்டாரமாக்கினார்கள். அதைச் செய்து முடித்தவன் மிர்லான்தான். முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். இப்போது எசென் வட்டாரத்துக்குள் நுழைந்தது மட்டும் பதிவில் இருந்தது. உள்ளே அறுபத்திரண்டு கோபுரங்கள். யாராவது அவனைக் கூப்பிட்டிருந்தால் அத்தனையும் தேடியிருக்கும், அவன் பக்கத்துக் கோபுரத்தின் பெயர் பதிவாகியிருக்கும். அவனாகக் கூப்பிடவோ போனில் பேலன்ஸ் கிடையாது.

"அக்கா, அவருக்குக் கடைசியா எப்போ போன் பண்ணீங்க?"

"பண்ணவே இல்ல தம்பி. ஊர்லயும் யாரையும் பண்ண விடல. சும்மா சும்மா அடிச்சா பேட்டரி போயிடும்ல? போன் உசுரோட இருந்தா கோபுரம் பார்த்துக்கிட்டே இருக்கும்னு நெனச்சேன். நான் செஞ்சது சரிதானே?"

"சரிதான்" என்றான் மிர்லான்.

இனிமேல் எசெனுக்குப் போன் அடிக்கச் சொன்னான், ஊரார் எல்லோரையும் அடிக்கச் சொன்னான். குளிரில் அடங்கிய பேட்டரி மார்புச் சூட்டில் கொஞ்சம் எழும் என்று மேய்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் ஓர் அழைப்பு வந்தால் போதும். ஜிப்பாருக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. ஊருக்குச் சொல்லிவிட்டுத் தானும் எண்ணை அழுத்த ஆரம்பித்தாள்.

அரை மணி நேரத்தில் தலைமையகத்திலிருந்து மேலாளர் கூப்பிட்டார்.

"யாருய்யா அது, ஒரே நம்பருக்கு எரநூறு பேரு அடிக்கிறது? ஒவ்வொண்ணுக்கும் அறுபத்திரண்டு கோபுரமும் கத்துது. அந்த நம்பரத் தேடுறத நிறுத்து."

மனுஷன் மலையில் கிடக்கிறான் என்று மிர்லான் கெஞ்சினான். போலீஸ் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார் அவர். இல்லை. அப்படியானால் நிறுத்து, முடியாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்கிறேன் என்று சொல்லிப் போனைத் துண்டித்தார்.

மிர்லான் நிறுத்தினான். இனி எந்த அழைப்பும் மலைக்குப் போகாது. இந்தக் கட்டடத்துக்குள்ளேயே பதிவுக் குரல் ஒன்று, தேடாமலேயே, தொடர்பு எல்லையில் இல்லை என்று பதில் சொல்லி அனுப்பிவிடும்.

ஜிப்பார் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"இப்ப ஒடனே பதில் வருது தம்பி. வேகமாத் தேடுறாங்க போல" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் எண்ணை அழுத்தினாள்.